குரூப் ட்ரெயினிங் வகுப்புக்கு 9 மாசச் சிப்பிப்பாறையை எப்படித் தயார் பண்றது?

செவலை_கோவை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல 9 மாசச் சிப்பிப்பாறை (நாட்டு வேட்டை நாய்) பெட்டை இருக்கு. செவலை நிறம், 17 கிலோ. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை தொடங்கற குரூப் வகுப்புல சேர்த்திருக்கோம். காலை 6.30 மணி, திறந்த மைதானம், மொத்தம் ஏழு நாய், வாரம் ஒரு மணி நேரம்னு 8 வாரம். கையில இன்னும் மூணு வாரம் இருக்கு.

இப்போதைய நிலை: வீட்டுக்குள்ள "உட்கார்" சொன்னா உட்காருது. தெருவுல இறங்கிட்டா நம்ம குரலே காதுல விழாத மாதிரி இழுக்குது. லீஷ்ல இருக்கும்போது வேற நாயைப் பார்த்தா எம்பி எம்பிக் குரைக்குது. ஆனா மொட்டைமாடியில பக்கத்து வீட்டு நாயோட அவிழ்த்து விட்டா நல்லா விளையாடுது. சாதாரண பெல்ட்தான் போட்டிருக்கோம், பின்னாடி நகர்ந்து தலையை உருவிக்குது. கடைக்காரர் சோக் செயின் (இழுத்தா கழுத்தை இறுக்கற சங்கிலி) வாங்கச் சொல்றார்.

தெரிய வேண்டியது: கழுத்துக்கு என்ன போடணும், என்ன தீனி எவ்வளவு கொண்டு போகணும், ஊசி மருந்து விஷயத்துல என்ன பார்க்கணும், முன்கூட்டியே வீட்ல என்ன சொல்லிக் கொடுக்கணும், குரைக்கிறதுக்கு என்ன வழி. நானும் மனைவியும் பையனும் மூணு பேருமே போகலாம்னு இருக்கோம்.

---

வெள்ளைவிசில்

மூணு வாரம் தாராளம். முதல்ல எதிர்பார்ப்பைச் சரி பண்ணிக்குங்க. குரூப் வகுப்புல நாய் புதுசா கத்துக்கறது ரொம்பக் கம்மி. ஏழு நாய், அவங்கவங்க ஆட்கள், புது மண்ணோட வாசனை, இதுக்கு நடுவுல ஏற்கெனவே தெரிஞ்சதைச் செய்யப் பழகற இடம் அது. அங்க உண்மையில பாடம் படிக்கிறது கயித்தைப் பிடிச்சிருக்கிறவர்தான். அதனால எத்தனை கட்டளை தெரியும்ங்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. வெளியிடத்துல தீனியை வாங்கித் தின்னணும், கூப்பிட்டா நம்ம பக்கம் முகம் திருப்பணும், ஒரு இடத்துல சும்மா கிடக்கத் தெரியணும். இது மூணும் இருந்தா முதல் வகுப்பு ஓடிடும். "உட்கார்", "படு" எல்லாம் அவங்க சொல்லித் தருவாங்க.

தினமும் மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் 3 முதல் 5 நிமிஷம். அதுக்கு மேல இழுக்காதீங்க, சலிச்சுடும்.

முதல் நாலு நாள் பேரும் அடையாளச் சொல்லும். பேரை ஒரே ஒரு தடவை சொல்லுங்க. திரும்பிப் பார்த்த அந்த நொடியில "சரி"ன்னு சொல்லி உடனே தீனி. அந்த "சரி" தான் அடையாளம், "இப்ப நீ செஞ்சதுக்குத்தான் கூலி"ன்னு நாய்க்குச் சொல்றது. செயலுக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவுல ஒரு நொடிக்கு மேல போயிட்டா, அது வேற எதையோ செஞ்சுக்கிட்டு இருக்கும்போது கூலி கிடைச்சதா எடுத்துக்கும். பேச்சுல "சரி" அடிக்கடி வர்ற வீடா இருந்தா நாக்கைத் தட்டற சத்தமோ கிளிக்கரோ (அமுக்கினா 'டிக்'னு சத்தம் வர்ற சின்னக் கருவி) வச்சுக்குங்க. பேர் சொல்லித் திரும்பலேன்னா மறுபடி மறுபடி கூப்பிடாதீங்க. பத்து தடவை கூப்பிட்டா, பத்தாவது தடவை திரும்பினா போதும்னு அது கத்துக்கும். ரெண்டடி பக்கத்துல போய், நாக்கைத் தட்டிக் கவனத்தை இழுங்க.

அடுத்து கையைத் தொடறது. உள்ளங்கையை மூக்குக்கு நாலு விரற்கடை தூரத்துல நீட்டுங்க. மோந்து பார்க்க வரும், மூக்கு பட்டதும் "சரி", தீனி. ரெண்டு நாள்ல தூரத்தை ரெண்டடி, நாலடின்னு கூட்டுங்க. பார்க்கச் சாதாரணமா இருக்கும், ஆனா வகுப்புல இதைவிடப் பயன்படற வித்தை வேற இல்ல. இன்னொரு நாய் பக்கத்துல வரும்போது இழுக்காம, திட்டாம, தலையை நம்ம பக்கம் திருப்ப இது ஒண்ணு போதும்.

மூணாவது பாய். பழைய போர்வையையோ யோகா மேட்டையோ 2 அடிக்கு 3 அடி வெட்டிக்குங்க. விரிச்சதும் அது மேல கால் வச்சா முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல ஒரு தீனி. கையில கொடுக்காதீங்க, பாய் மேல வைங்க, அப்பத்தான் மதிப்பு பாய்க்கு வரும். தானா படுக்க ஆரம்பிச்சதும் 3 நொடிக்கு ஒண்ணு, பிறகு 5, 10, 20 நொடி. ஒரு நிமிஷம் சும்மா படுத்திருந்தா அடுத்த கட்டம், நீங்க ஓரடி நகர்றது. நேரம், தூரம், சுத்தி நடக்கற கலாட்டா இந்த மூணுல ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் கூட்டுங்க. பல பேர் வீட்ல ஒரு நிமிஷம் இருந்ததை நம்பி மைதானத்துலயும் ஒரு நிமிஷம் கேப்பாங்க. அங்க மறுபடி 3 நொடியிலேருந்துதான் ஆரம்பிக்கணும்.

கடைசியா, லீஷ் தளர்வா இருக்கும்போது நாலு எட்டு நடை. தீனியை உங்க இடது கால் சட்டைத் தையல் பக்கத்துல கொடுங்க. எங்க தீனி கிடைக்குதோ அங்கதான் தலை நிக்கும். முன்னாடி கையை நீட்டிக் கொடுத்தா நாய் முன்னாடியே நடக்கும்.

எல்லாத்தையும் ஹால்ல ஆரம்பிச்சு மொட்டைமாடி, வாசல், ஆளில்லாத நேரத்துத் தெரு, கடைசி வாரம் அந்த மைதானத்தோட ஓரம்னு கொண்டு போங்க. ஒரு இடத்துல அஞ்சுக்கு நாலு தடவை சரியா வந்தா அடுத்த இடம். வரலேன்னா பழைய இடம்.

மூணு பேரும் வர்றது நல்லதுதான், ஆனா ஒரு வகுப்புல கயிறு ஒருத்தர் கையில மட்டும்தான் இருக்கணும். மத்த ரெண்டு பேர் தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும். அதுக்கு முன்னாடி வீட்ல பேசிச் சொற்களை முடிவு பண்ணுங்க. ஒருத்தர் "உட்கார்", ஒருத்தர் "சிட்", பையன் "ஒக்காருடா"ன்னா நாய்க்கு அது மூணு வெவ்வேற சத்தம். ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க.

---

வைப்பாற்றங்கரை

தம்பி, சோக் செயின் வேண்டவே வேண்டாம். வேட்டை நாய்க்குக் கழுத்துத் தோல் மெல்லிசு, கீழே கொழுப்புங்கறதே கிடையாது. சுண்டினா அடி நேரா மூச்சுக்குழல்ல விழும். அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. இன்னொரு நாயைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கழுத்து வலிச்சா, வலிக்குக் காரணம் அந்த நாய்தான்னு இது முடிவு கட்டிரும். விளையாடக் கூப்பிட்டுக் குரைக்கிற பிள்ளையை நிஜமாவே கடிக்க வைக்கிற வழி அது.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாத்துக்கும் தலை ஒடுக்கம், கழுத்து தடிமன். சாதாரண பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பின்வாங்கினா உருவிக்கிரும். இதுக்குன்னே மார்ட்டிங்கேல் காலர் கிடைக்குது. பெரிய வளையம் ஒண்ணு, அதைக் கோர்த்த சின்ன வளையம் ஒண்ணு. இழுத்தா கழுத்தளவுக்கு மட்டும் சுருங்கும், அதுக்கு மேல நெரிக்காது. அளவு பார்க்கிறது எப்படின்னா, லீஷை இழுத்துப் பிடிச்ச நிலையில பெரிய வளையத்தோட ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு முட்டக் கூடாது, நடுவுல ரெண்டு விரல் இடைவெளி இருக்கணும். முட்டுச்சுன்னா லூசா இருக்குன்னு அர்த்தம், உருவிக்கிரும். அகலம் ஒன்றரை இஞ்ச்சுக்குக் குறையாம வாங்குங்க. மெல்லிசா இருந்தா அறுக்கும். கட்டிப் போட்டுட்டுப் போற நேரத்துல இதைப் போட்டு வைக்கக் கூடாது, எங்கயாவது மாட்டிக்கிட்டா ஆபத்து.

இதோட, நெஞ்சையும் உடம்பையும் சுத்தி மாட்டற ஹார்னஸ் ஒண்ணும் போடுங்க. நெஞ்சுப் பக்கம் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி இறங்கற வகை. தோளுக்குக் குறுக்கே பட்டை ஓடற வகை முன்னங்கால் ஓட்டத்தைத் தடுக்கும். நம்ம நாய்க்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டி இருக்கும். அதனால ரெண்டு பட்டை ஹார்னஸ்லேருந்தும் தலை தப்பிக்கும். விலா முடியற இடத்துக்குப் பின்னால இன்னொரு வயித்துப் பட்டை வர்ற மூணு பட்டை ஹார்னஸ் கிடைச்சா அதுதான் சரி. ரெண்டு முனையிலும் கொக்கி உள்ள லீஷ் வாங்கி ஒண்ணைக் காலர்லயும் ஒண்ணை ஹார்னஸ்லயும் மாட்டுங்க. ஒண்ணு கழண்டாலும் இன்னொண்ணு பிடிக்கும். புது மைதானத்துல கழண்டு ஓடிச்சுன்னா நம்மால பிடிக்க முடியாத வேகம் இதுகளுக்கு, ரோடு எந்தப் பக்கம்னு பார்க்காது.

லீஷ் 5 லேருந்து 6 அடி. பருத்தி நாடா நல்லது, கை வேர்த்தாலும் வழுக்காது. இரும்புச் சங்கிலி கையைக் கிழிக்கும், கொக்கியோட எடை வேற தாடையில இடிச்சுக்கிட்டே இருக்கும். பட்டனை அமுக்கினா நீளற வகை லீஷை வகுப்புப் பக்கமே கொண்டு போகாதீங்க. வேட்டை நாய் அஞ்சு மீட்டரை ஒரே பாய்ச்சல்ல முடிச்சு முனையில போய் அடிபடும்.

இன்னொண்ணு, வாத்தியார்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க. இந்த ஜாதி நாய் கட்டாந்தரையில ரொம்ப நேரம் குந்தி உட்காராது. தொடைச் சதை இறுக்கம், அடியில எலும்பு குத்தும். உட்காரலேன்னு இடுப்பைப் பிடிச்சு அமுக்கறது தப்பு. நின்னுக்கிட்டு இருக்கறதையோ பாய்ல படுக்கறதையோ அதுக்குப் பதிலா ஏத்துக்கச் சொல்லுங்க.

பொதுவா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. முழு வெள்ளை ராஜபாளையத்துல பிறவிச் செவிடு உண்டு. வகுப்புல சேர்க்கிறதுக்கு முன்னாடி, அது பார்க்காத திசையிலேருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்க. காலால தரையைத் தட்டாதீங்க, அதிர்வை உணர்ந்து திரும்பிரும். காது கேக்கலேன்னா முதல் நாளே கைச் சைகையில தொடங்கணும். அடங்காத நாய்னு பேர் வாங்கற வெள்ளை நாய்கள்ல சிலதுக்குக் காதே கேட்டிருக்காது.

---

நான்குகால்நலம்

உடல்நலம் சார்ந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதிகளைப் பாருங்கள். டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ் அடங்கிய கூட்டு ஊசியின் கடைசித் தவணை 16 வாரம் நிரம்பிய பிறகு போடப்பட்டிருக்க வேண்டும். பல குட்டிகளுக்கு 12 வாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வயதில் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள் இன்னும் மிச்சமிருந்தால் ஊசி வேலை செய்யாமலே போகும். உங்கள் அட்டையில் அப்படி நின்றிருந்தால் இப்போதே ஒரு தவணை போட்டுக்கொள்ளலாம். வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஓராண்டு தாண்டியிருக்கக் கூடாது. லெப்டோஸ்பைரோசிஸ் எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரில் பரவுவது. மழைக்காலத்தில் மைதான வகுப்பு என்றால் அந்த ஊசி அவசியம். கென்னல் காஃப் எனப்படும் தொற்று இருமலுக்குத் தனி மருந்து உண்டு, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எந்த ஊசியையும் வகுப்புக்கு முந்தின நாள் போடாதீர்கள். உடல்வலி, சோர்வு இருக்கும். குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் முன்னால் முடித்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்குள் குடற்புழு மாத்திரை கொடுக்கவில்லை என்றால் இப்போது கொடுங்கள்.

உண்ணிதான் நம் ஊரில் பெரிய ஆபத்து. ஏழு நாய்கள் வந்துபோகும் மைதானப் புல்லில் உண்ணி இல்லாமல் இருக்காது. மாதம் ஒரு முறை கொடுப்பது, 12 வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பது என்று இரு வகை மாத்திரைகள் உள்ளன. எடையைச் சொல்லி மருத்துவரிடமே வாங்குங்கள். வலிப்பு வந்த நாய் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தாலும் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, காலருக்கு அடியில், வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்ப்பது கட்டாயம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், சாப்பாட்டில் விருப்பமின்மை, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணி பரப்பும் ரத்த நோய்களான எர்லிகியா, பபீசியா இரண்டும் ஆரம்பத்தில் பிடிபட்டால் மருந்துக்குக் கட்டுப்படும்.

உங்களுடையது 9 மாதப் பெட்டை. 8 வாரப் பயிற்சிக்குள் முதல் முறை ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. வந்தால் ஏறக்குறைய மூன்று வாரம் வகுப்புக்குக் கூட்டிப் போகக் கூடாது. ரத்தக்கசிவு நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. கருத்தரிக்கும் நாட்கள் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான் வரும். வாசனையை மறைக்கும் ஸ்ப்ரே எதுவும் ஆண் நாய்களை ஏமாற்றாது, மற்ற ஆறு நாய்களின் வகுப்பும் பாழாகும். விட்டுப்போன வகுப்புகளை அடுத்த குழுவில் ஈடுகட்டித் தருவார்களா என்று பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள். அந்த வாரங்களில் நாயில்லாமல் நீங்கள் மட்டும் போய்ப் பார்த்து வரலாம். கருத்தடை அறுவை செய்வதாக இருந்தால் 10 முதல் 14 நாள் ஓய்வு தேவை, அதையும் கணக்கில் வையுங்கள்.

காலை 6.30 நல்ல நேரம். ஆனால் மார்ச்சுக்கு மேல் 7.30 வெயிலே சுடும். புறங்கையைத் தரையில் 7 நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்தத் தரையில் நாய் நடக்கக் கூடாது. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாவது, எச்சில் கயிறுபோல் தடிப்பது, தள்ளாடுவது ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடி வைக்காதீர்கள், வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

---

வெள்ளைவிசில்

தீனியைப் பத்தி யாரும் இன்னும் சொல்லல.

அளவு பச்சைப் பட்டாணி. ஒரு மணி நேர வகுப்புக்கு 150 லேருந்து 200 துண்டு வேணும். கேக்கறப்ப அதிகமாத் தெரியும், ஆனா நிமிஷத்துக்கு மூணு துண்டுதான் கணக்கு. எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி வேகவச்சது 100 கிராம் எடுத்துப் பொடிசா நறுக்கினா அரை கிராம் வீதம் 200 துண்டு வரும். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. அந்த 100 கிராம் ஏறக்குறைய 165 கலோரி. 17 கிலோ நாய்க்கு ஒரு நாள் தேவை சுமார் 900 கலோரி, அதனால அன்னிக்குச் சாப்பாட்டுல ஆறுல ஒரு பங்கைக் குறைச்சிடுங்க.

ஒரே வகை போதாது. மூணு தரம் வச்சுக்குங்க. அதோட வழக்கமான உலர் தீனி, அடுத்து கோழி அல்லது பனீர், எல்லாத்துக்கும் மேல வேகவச்சு அவன்லயோ தோசைக்கல்லுலயோ ஈரம் போக வாட்டின கோழி ஈரல். ஈரல் கொஞ்சம்தான், அதிகமானா வயிறு கழியும். இன்னொரு நாய் பக்கத்துல கடந்து போற மாதிரி கஷ்டமான நேரத்துக்கு மட்டும் அதை எடுங்க. டீக்கடை பிஸ்கட் வேண்டாம். சர்க்கரை ஒரு பக்கம், மென்னு முழுங்கவே பத்து நொடி ஆகறது இன்னொரு பக்கம். பொடி கீழே சிந்தும், அப்புறம் பாதி வகுப்பு தரையை மோந்துக்கிட்டு நிக்கும். உப்புக் கருவாடும் வேண்டாம், தண்ணி தாகம் எடுத்துத் தவிக்கும். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலா சைலிட்டால் சேர்த்த சூயிங்கம் நாய்க்கு விஷம். இன்னொருத்தர் நாய்க்கு உங்க தீனியைக் கேக்காம கொடுக்காதீங்க, அலர்ஜி உள்ள நாய் நிறைய.

பிளாஸ்டிக் கவர்ல கொண்டு போனா அந்தச் சரசரப்புக்கே ஏழு நாயும் திரும்பும். இடுப்புல கட்டற துணிப்பை போதும். வேகவச்ச கோழி வெயில்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாங்காது. சின்னச் சின்னப் பொட்டலமா ஃப்ரீசர்ல வச்சு, காலையில எடுத்துக்கிட்டுக் கிளம்பினா போய்ச் சேர்றப்ப பதமா இருக்கும்.

வகுப்பு காலையிலங்கறதால முந்தின ராத்திரிச் சாப்பாடு வழக்கம்போல, காலையில ஒண்ணும் வேண்டாம், தண்ணி மட்டும். சாயந்திர வகுப்புக்காரங்க முழுச் சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் நடுவுல மூணு மணி நேரமாவது விடுங்க. வயிறு நிறைஞ்சிருந்தா தீனிக்கு மதிப்பிருக்காது. சிப்பிப்பாறை, டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய் நிறையத் தின்னுட்டு ஓடினா இரைப்பை உப்பித் திருகிக்கிற ஆபத்தும் இருக்கு.

---

அடையாறு_லேப்

நடுவுல புகுந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும். எங்க லேப்ரடார் குட்டிக்கு 11 வாரம். ரெண்டு ஊசி ஆயிருக்கு. எல்லா ஊசியும் முடியாம வெளிய இறக்காதீங்கன்னு ஒருத்தர் சொல்றார், குட்டி வகுப்பு இப்பவே தொடங்கணும்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

---

நான்குகால்நலம்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குட்டியின் மனம் புது மனிதர்களையும் நாய்களையும் சத்தங்களையும் எளிதாக ஏற்கும் காலம் மூன்றாவது வாரம் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் முடிகிறது. ஊசிகள் முடியும்வரை வீட்டிலேயே அடைத்து வைத்தால் அந்தக் காலம் முழுதும் போய்விடும். பயத்தால் கடிக்கும் நாய்கள் பல அப்படி வளர்ந்தவைதான். அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008-இல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, முதல் தவணை ஊசியும் குடற்புழு மருந்தும் கொடுத்து ஏழு நாளாவது ஆன குட்டி, 7 அல்லது 8 வார வயதிலேயே வகுப்புக்குப் போகலாம். மீதி ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டுவர வேண்டும்.

ஆனால் அது எப்படிப்பட்ட வகுப்பு என்பதில்தான் விஷயம். ஊசி போடாத தெருநாய்கள் நடமாடும் மண் தரைக்கு உங்கள் குட்டியைக் கொண்டுபோகக் கூடாது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவிய சிமென்ட் அல்லது டைல்ஸ் தரை, எல்லாக் குட்டிகளின் அட்டையையும் வாசலிலேயே பார்த்து அனுமதிக்கும் ஆள், வயிற்றுப்போக்கு உள்ள குட்டியைத் திருப்பி அனுப்பும் கண்டிப்பு, இந்த மூன்றும் இருந்தால் தயங்காமல் சேருங்கள். இல்லையென்றால் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு பூங்கா வாசல், பேருந்து நிறுத்தம், பள்ளி விடும் நேரம் என்று காட்டுங்கள். தரையில் கால் படாமலே முக்கால்வாசிப் பாடம் நடந்துவிடும். ஊசி முழுதும் போட்ட, சாந்தமான வளர்ந்த நாய் இருக்கும் வீட்டுக்கும் கூட்டிப் போகலாம்.

---

செவலை_கோவை

இவ்வளவு விவரமாச் சொன்னதுக்கு எல்லாருக்கும் நன்றி. மார்ட்டிங்கேல் ஆர்டர் பண்ணிட்டேன். அட்டையைப் பார்த்தா கடைசிக் கூட்டு ஊசி 13-வது வாரத்தோட நின்னிருக்கு, நாளைக்கே டாக்டர்கிட்டக் காட்டறோம். குரைக்கிற விஷயம்தான் இன்னும் பாக்கி. மத்த ஆறு பேருக்குத் தொந்தரவா இருக்குமோன்னு பயமா இருக்கு. அப்புறம், இந்தப் பயிற்சியாளர் நல்லவரான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

---

வெள்ளைவிசில்

அவிழ்த்து விட்டா விளையாடுது, கட்டியிருந்தா குரைக்குதுன்னா பெரும்பாலும் பயம் இல்ல, போக முடியாத ஆத்திரம். உறுதி பண்ணிக்க உடம்பைப் பாருங்க. எடை முன்னங்கால்ல சாஞ்சு, இடுப்பு ஆடி, நடுவுல கீச்சுக் குரல் வந்தா ஆத்திரம். எடை பின்னங்கால்ல, வாய் இறுகி, கண்ணோட வெள்ளை தெரிய ஓரப் பார்வை பார்த்தா பயம். வாலை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, வேட்டை நாய்க்கு வால் இயல்பாவே தாழ்ந்து கால் நடுவுல தொங்கும். ரெண்டுக்கும் பயிற்சி ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா பயமா இருந்தா 8 வாரக் குரூப் வகுப்புக்கு முன்னாடி நாலஞ்சு தனி வகுப்பு போறது நல்லது.

எல்லாமே தூரம்தான். இன்னொரு நாயைப் பார்த்தும் உங்க கையில இருக்கிற தீனியை மென்மையா வாங்கற தூரம் எதுன்னு எட்டு வச்சு அளந்துக்குங்க. 30 எட்டா இருக்கலாம், 50 கூட இருக்கலாம். அதுதான் தொடக்கப் புள்ளி. அங்க நின்னுக்குங்க. நாய் கண்ணுல பட்டதும் "சரி", தீனி. பார்வையில இருக்கிறவரைக்கும் தொடர்ந்து தீனி. அது மறைஞ்சதும் தீனி நிறுத்தம். கொஞ்ச நாள்ல நாயைப் பார்த்ததும் அதுவே உங்க முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அப்படி அஞ்சுக்கு அஞ்சு தடவை வந்தப்புறம் மூணு எட்டு முன்னே போங்க. பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு நாளும் வேண்டாம்.

எங்க பழகறதுன்னா, கால்நடை ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரி நல்ல இடம். வர்ற நாய் எல்லாம் கயித்துல இருக்கும், நேரா உள்ள போயிடும். தெருநாயை வச்சுப் பழக்காதீங்க. அதுக நம்ம கணக்குல நிக்காது, நேரா மேல வந்துடும். அப்படி வந்தா கைநிறைய உலர் தீனியை அதுக பக்கம் வீசிட்டு எதிர்த்திசையில நடையைக் கட்டுங்க. குடை ஒண்ணு கையில இருந்தா நடுவுல விரிச்சு மறைக்கலாம், ஆனா வீட்லயே குடை விரியறதுக்கு உங்க நாயைப் பழக்கிட்டுத்தான்.

வகுப்பு நாள்ல 20 நிமிஷம் முன்னாடி போயிடுங்க. கூட்டத்துலேருந்து தள்ளி வண்டியை நிறுத்தி, லீஷைத் தளர விட்டுப் பத்து நிமிஷம் மைதான ஓரத்தை மோந்து பார்க்க விடுங்க. ஒண்ணுக்கு, ரெண்டுக்கு அங்கயே முடிஞ்சுடும். அள்ளறதுக்குப் பை கொண்டு போங்க. "சும்மா பழகட்டும்"னு மூக்கோட மூக்கு விடச் சொல்வாங்க, பணிவா மறுத்துடுங்க. ரெண்டு கயிறும் இறுகி, தப்பிக்க வழியில்லாம நேருக்கு நேர் நிக்கறதுலதான் பாதிச் சண்டை தொடங்குது. ஓர இடம் வேணும், மத்தவங்களைவிட ரெட்டிப்புத் தூரம் வேணும்னு பயிற்சியாளர்கிட்ட முன்னாடியே கேட்டு வைங்க. வண்டியோ மரமோ ஒரு பக்கம் மறைப்பா இருந்தா ரொம்ப நல்லது.

குரைச்சா "நோ" சொல்லிக் கத்தாதீங்க, நீங்களும் சேர்ந்து குரைக்கிறதாத்தான் அதுக்குப் படும். பேச்சில்லாம திரும்பிப் பத்து எட்டு நடந்து போங்க. நின்னு, ஒரு பிடி தீனியைப் புல்லுல தூவுங்க, மோந்து தேடட்டும். மோப்பம் பிடிக்கிற நாய் தானா அடங்கும். ஈரலைக்கூட மறுக்குதுன்னா அன்னிக்கு அவ்வளவுதான். தூரப் பாயை விரிச்சு வேடிக்கை பாருங்க, இல்லேன்னா கிளம்பிடுங்க. முதல் வகுப்புல 15 நிமிஷம் அமைதியா இருந்து திரும்பறது, ஒரு மணி நேரம் குரைச்சு முடிக்கிறதைவிட எவ்வளவோ மேல். மத்த நாய்க்காரங்களும் இதே கவலையோடதான் வர்றாங்க, தயங்காதீங்க.

பயிற்சியாளர் விஷயம். நாய்ப் பயிற்சியாளர்னு பலகை மாட்ட நம்ம நாட்டுல எந்தத் தேர்வும் கட்டாயம் இல்ல. அதனால நீங்கதான் பார்த்துக்கணும். நாயில்லாம ஒரு வகுப்பை வேடிக்கை பார்க்க அனுமதி கேளுங்க, தரமாட்டேன்னா அதுவே பதில். ரெண்டு கேள்வி போதும்: நாய் சரியாச் செஞ்சா என்ன பண்ணுவீங்க, தப்பாச் செஞ்சா என்ன பண்ணுவீங்க? ரெண்டாவதுக்கு "சுண்டுவேன், மல்லாத்திப் பிடிப்பேன், யார் எஜமான்னு காட்டுவேன்"னா எழுந்து வந்துடுங்க. அடிக்கிறது, உதைக்கிறது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி குற்றமும்கூட. வகுப்புல இருக்கிற நாய்களைப் பாருங்க. வால் ஆடுதா, வாய் தளர்ந்திருக்கா, ஆளைத் தேடி வருதா? எல்லாம் காது பின்னால மடங்கி, அடிக்கடி உதட்டை நக்கிக்கிட்டு, கொட்டாவி விட்டுக்கிட்டு அசையாம உட்கார்ந்திருந்தா அது ஒழுக்கம் இல்ல, பயம். ஒருத்தருக்கு ஏழு நாய் சமாளிக்கிற எண்ணிக்கைதான், எட்டுக்கு மேலன்னா உதவியாள் இருக்கணும்.

---

வைப்பாற்றங்கரை

ஒண்ணு விட்டுப்போச்சு. வகுப்பு முடிஞ்ச அன்னிக்குப் பூங்கா, விருந்தாளி, குளிப்பாட்டறது எதுவும் வச்சுக்காதீங்க. அவ்வளவு நாயைப் பார்த்த படபடப்பு இறங்க அந்த நாள் முழுக்க ஆகும். உண்ணி பார்த்துட்டு, தண்ணி வச்சு, இருட்டான ரூம்ல தூங்க விடுங்க. மறுநாளும் வீட்டுப்பாடம் ரெண்டு தடவை போதும். தடவைக்கு மூணு நிமிஷம்.